ஹல்க் ஹோகனுக்கு ஏன் வியர்க்கிறது?

"மாமா, கை கழுவிட்டீங்களா?"

நியூ ஜெர்சியில் அக்கா வீட்டு பேஸ்மென்ட். கேட்டவன் அக்கா மகன். வயது நாற்பதைத் தாண்டியாயிற்று, தாடியில் நரை. கண்ணாடி அலமாரியின் பூட்டில் சாவியை நுழைத்தபடி, பூஜை அறை வாசலில் நின்று விசாரிக்கிற தோரணையில் கேட்டான். இரண்டு கையையும் விரித்துக் காட்டிய பிறகுதான் அந்தப் பொம்மையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான்.

ஹல்க் ஹோகன். எட்டு அங்குல உயரம். மஞ்சள் ஜட்டி, மஞ்சள் மீசை, உருட்டுக்கட்டை போன்ற புஜங்கள். மூக்கு நுனியில் பெயின்ட் போயிருந்தது. முதலில் ஆச்சரியப்படுத்தியது அதன் கனம். அடுத்தது அதன் பிசுபிசுப்பு. எண்ணெய் தேய்த்துக்கொண்டு அரைகுறையாகச் சீயக்காய் போட்ட முதுகைத் தொட்ட மாதிரி இருந்தது. விரலை எடுத்தபோது என் ரேகை அதன் தோளில் பளபளவென்று பதிந்து நின்றது.

"வியர்க்குது மாமா இவனுக்கு" என்றான். "போன வருஷம் இவ்வளவு இல்ல."

அலமாரியில் இன்னும் முப்பது, நாற்பது பேர் நின்றுகொண்டிருந்தார்கள். சிலர் காய்ந்து சுத்தமாக இருந்தார்கள். சிலருக்கு நெற்றியில் மினுமினுப்பு. ஒரே கம்பெனி, ஏறக்குறைய ஒரே வருடம், ஒரே அலமாரி. ஒருவனுக்கு மட்டும் ஏன் வியர்க்க வேண்டும்? ஊர் திரும்பிய பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. பதிலைத் தேடப் போனால் அது பொம்மைக் கடையில் தொடங்கி, டென்மார்க் அருங்காட்சியகம் வழியாக, நிலாவுக்குப் போனவர்களின் உடுப்பில் போய் நின்றது.

முதலில் இந்தப் பயில்வான்களின் பூர்வீகம். 1984 ஜனவரியில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் அயர்ன் ஷேக்கைத் தோற்கடித்து ஹல்க் ஹோகன் டபிள்யூடபிள்யூஎஃப் மல்யுத்த சாம்பியன் ஆனார். அமெரிக்க வீடுகளில் கேபிள் டிவி பரவிக்கொண்டிருந்த காலம். அதே ஆண்டில் எல்ஜேஎன் என்ற பொம்மைக் கம்பெனி 'ரெஸ்லிங் சூப்பர்ஸ்டார்ஸ்' வரிசையைக் கொண்டுவந்தது. நார்மன் ஜே. லூயிஸ் என்பவரின் பெயரெழுத்துகளைப் பின்னிருந்து முன்னாகப் போட்டால் எல்ஜேஎன். அதைத் தொடங்கிய ஜாக் ஃப்ரீட்மனை நினைவில் வையுங்கள், பிறகு வருவார்.

அந்தக் காலத்து மற்ற பொம்மை வீரர்களுக்குத் தோள், இடுப்பு, முழங்கால் என்று மூட்டுகள் உண்டு. எல்ஜேஎன் பயில்வானுக்கு எதுவும் அசையாது. உள்ளே கூடு கிடையாது. முழுக்க முழுக்கக் கெட்டி ரப்பர். வாங்கிய பையன்கள் செய்யக்கூடியது ஒன்றுதான்: ஒருவன் மேல் இன்னொருவனைப் போட்டு மொத்துவது. உடையவே உடையாது. தம்பி தலையில் எறிந்தால் தம்பிக்குத்தான் சேதம்.

கனத்துக்கு ஒரு சின்னக் கணக்கு. ஹோகனின் உயரம் 6 அடி 7 அங்குலம், எடை 302 பவுண்டு என்று அறிவிப்பார்கள். இதெல்லாம் கொஞ்சம் கூட்டிச் சொன்ன கணக்கு, இருக்கட்டும். 79 அங்குல மனிதனை 8 அங்குலமாக்கினால் உயரம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. உயரம் பத்தில் ஒன்றானால் அகலமும் பருமனும் அப்படியே குறையும். ஆகவே கன அளவு ஆயிரத்தில் ஒரு பங்கு. 137 கிலோ மனிதன் 137 கிராம் ஆகிவிடுகிறான். மனித உடலின் அடர்த்தி கிட்டத்தட்ட தண்ணீரின் அடர்த்தி. பொம்மையின் பொருள் அதைவிடக் கால் மடங்கு அடர்த்தி கூடியது. ஆக சுமார் 170 கிராம். பொம்மையின் கைகால்கள் ஆளைவிடத் தடிமன் என்பதால் இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு நல்ல கிரிக்கெட் பந்து 160 கிராம்தான். தம்பி அழுததில் நியாயம் இருக்கிறது.

1987 மார்ச் 29-ல் ரெஸில்மேனியா மூன்றில் ஆந்த்ரே தி ஜெயன்டை ஹோகன் தூக்கிப் போட்டார். அமெரிக்காவின் வரவேற்பறைகளிலெல்லாம் அந்தக் காட்சி எட்டு அங்குல அளவில் மறுபடி மறுபடி நடந்தது. 1989-ல் வரிசை முடிந்தது. கடைசியாக வந்த சில பொம்மைகளைக் கனடாவில் கிராண்ட் டாய்ஸ் என்ற நிறுவனம் கறுப்பு அட்டையில் விற்றது. எண்ணிக்கை குறைவு என்பதால் இன்று அந்தக் கறுப்பு அட்டைக்குத்தான் ஏக மரியாதை.

1990-ல் உரிமம் ஹாஸ்ப்ரோவுக்குப் போனது. பயில்வான் நாலரை அங்குலமாகச் சுருங்கி, கெட்டி பிளாஸ்டிக்காக மாறி, வயிற்றுக்குள் ஸ்பிரிங் வாங்கிக்கொண்டான். கையைப் பின்னால் இழுத்து விட்டால் குத்துவான், இடுப்பைத் திருகி விட்டால் சுழன்று அடிப்பான். ஒவ்வொருவனுக்கும் ஒரு வித்தை. 1994-ல் அதுவும் நின்றது. 1996-ல் ஜாக்ஸ் பசிபிக் என்ற கம்பெனி, மூட்டை மடக்கினால் எலும்பு முறிகிற மாதிரி நறநறவென்று சத்தம் போடும் பொம்மைகளோடு வந்தது. அந்தக் கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவர் அதே ஜாக் ஃப்ரீட்மன். அவருக்கும் பயில்வான்களுக்கும் விட்ட குறை தொட்ட குறை ஏதோ இருந்திருக்கிறது.

நம் ஊரில் தொண்ணூறுகளில் பள்ளிக்கூடம் போனவர்களுக்கு இந்த முகங்களெல்லாம் பரிச்சயம், ஆனால் பொம்மையாக இல்லை. டிரம்ப் கார்டாக. உயரம், எடை, மார்பளவு, பைசெப்ஸ், ரேங்க். கடைசி பெஞ்சில் அண்டர்டேக்கரை வைத்து யோகோசுனாவைப் பிடுங்கிய கதைகள் எல்லோரிடமும் உண்டு. காகிதப் பயில்வானுக்கு வியர்க்காது. கிழிவான், அவ்வளவுதான்.

ரப்பர் பயில்வானுக்கு வியர்ப்பதற்குக் காரணம், அவன் ரப்பரே இல்லை. சேகரிப்பாளர்கள் பழக்கத்தில் 'ரப்பர்' என்கிறார்கள். அது பிவிசி, பாலிவினைல் குளோரைடு. வீட்டுத் தண்ணீர்க் குழாய் எதுவோ அதேதான்.

1872-ல் ஜெர்மன் வேதியியலாளர் யூஜென் பவுமன், வெயிலில் இருந்த குடுவை ஒன்றில் வினைல் குளோரைடு வாயு வெள்ளைப் பொடியாக மாறியிருந்ததைக் கவனித்து எழுதினார். அதுதான் பிவிசி. வெயிலில் பிறந்த பொருளுக்கு வெயிலே எமன் என்பது பின்னால் வரப்போகிறது. ஐம்பது வருடத்துக்கு மேல் அது ஒன்றுக்கும் உதவாமல் கிடந்தது. விறைப்பு, உருக்கினால் சிதைவு. 1926-ல் அமெரிக்காவின் பி.எஃப். குட்ரிச் கம்பெனியில் வால்டோ சீமன் என்பவர் உலோகத்தோடு ரப்பரை ஒட்டவைக்க ஒரு பசையைத் தேடிக்கொண்டிருந்தார். கொதிநிலை மிக அதிகமான ஓர் எண்ணெய்த் திரவத்தில் பிவிசியைப் போட்டுச் சூடாக்கினார். ஆறியதும் கிடைத்தது பசை இல்லை, வளைந்து துள்ளும் ஒரு ஜெல்லி. மழைக்கோட்டு, ரெக்ஸின் சீட், மின்கம்பி உறை, ஹல்க் ஹோகன், எல்லாவற்றுக்கும் ஆதி அந்த ஜெல்லிதான்.

என்ன நடந்தது அங்கே? பிவிசி என்பது நீள நீளமான மூலக்கூறுச் சங்கிலிகள். பிழிந்து வைத்த இடியாப்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஆறிப்போனால் இழையோடு இழை ஒட்டிக் கட்டியாகிவிடும், விரலால் பிரிக்க முடியாது. அதுதான் தண்ணீர்க் குழாய். சூடாக இருக்கும்போதே கொஞ்சம் தேங்காய் எண்ணெய் விட்டுப் புரட்டினால் இழைகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கும், மெத்தென்று இருக்கும். அதுதான் பொம்மை. பிவிசிக்குள் அந்த எண்ணெயின் வேலையைச் செய்வதற்கு பிளாஸ்டிசைசர் என்று பெயர். மென்மையாக்கி என்று சொல்லலாம். அந்தக் காலத்தில் அதிகம் பயன்பட்டது தாலேட் வகையைச் சேர்ந்த டிஇஎச்பி. மெத்தென்ற பிவிசி பொருளின் எடையில் மூன்றில் ஒரு பங்குகூட இதுவாக இருக்கக்கூடும். விறைத்த பிவிசி இளக ஏறக்குறைய 80 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். மென்மையாக்கி சேரச் சேர அந்த எல்லை இறங்கி, அறை வெப்பநிலைக்கும் கீழே போய்விடுகிறது.

கவனிக்க வேண்டியது ஒன்று. இடியாப்பத்தில் எண்ணெய் பூசியிருக்கிறதே தவிர மாவோடு மாவாகச் சேர்ந்துவிடவில்லை. பிவிசிக்குள் மென்மையாக்கியும் அப்படித்தான். எந்த வேதிப் பிணைப்பும் அதைக் கட்டிவைக்கவில்லை. சங்கிலிகளுக்கு நடுவே வாடகைக்குக் குடியிருக்கிறது. நேரம் கிடைத்தால் கிளம்பிவிடும்.

கிளம்புவதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். ஜாமெட்ரி பாக்ஸில் வெள்ளை ரப்பரை பிளாஸ்டிக் ஸ்கேலோடு போட்டு, கோடை விடுமுறை முடிந்து திறந்தால், இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். பிய்த்தால் ஸ்கேலில் ரப்பரின் அச்சு குழியாக விழுந்திருக்கும், மில்லிமீட்டர் கோடுகள் அழிந்திருக்கும். அந்த ரப்பரும் பிவிசிதான். அதிலிருந்து மென்மையாக்கி வெளியேறி, ஸ்கேலின் பாலிஸ்டைரீனுக்குள் புகுந்து, அதைக் கரைத்துவிட்டது. ரப்பருக்குக் காகிதச் சட்டை போட்டு விற்பதற்கு அழகு மட்டும் காரணமில்லை. பழைய ஸ்கூட்டரின் ரெக்ஸின் சீட் விறைத்து வெடிப்பதும் இதே கதையின் கடைசி அத்தியாயம். எண்ணெயெல்லாம் போய் இடியாப்பம் காய்ந்துவிட்டது.

ஆகவே ஹோகனின் தோளில் நான் தொட்டது வியர்வையல்ல. நாற்பது வருடமாக உள்ளே குடியிருந்த மென்மையாக்கி, வீட்டைக் காலி செய்துகொண்டு வாசலில் நிற்கிறது. ஒருவனுக்கு வியர்த்து இன்னொருவனுக்கு வியர்க்காததற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. கலவையில் அன்றைக்கு எவ்வளவு விட்டார்கள், எந்த நிலைப்படுத்தியைச் சேர்த்தார்கள், அதன்பின் பொம்மை எந்த வீட்டு எந்த அறையில் கிடந்தது என்பதைப் பொறுத்தது எல்லாம்.

கடைசி விஷயத்தில் அக்கா மகன் ஒரு தப்பு செய்திருந்தான். அவனே ஒப்புக்கொண்டான். கல்லூரிக்குப் போகும்போது பொம்மைகளைப் 'பத்திரமாக' ஒவ்வொன்றாக பாலித்தீன் பையில் போட்டு, வாயைக் கட்டி, அட்டிக்கில் ஏற்றிவிட்டான். கூரைக்கு நேர் கீழே இருக்கும் பரண். நியூ ஜெர்சி கோடையில் அது அடுப்பு மாதிரி கொதிக்கும். ஏழெட்டு வருடம் கழித்து இறக்கினான். பை உடம்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. வியர்க்கிற எல்லோரும் அந்தப் பைகளில் இருந்தவர்கள். இடம் போதாமல் ஷூ பெட்டியில் அள்ளிப் போட்டவர்கள் தப்பித்துக்கொண்டார்கள்.

பை பாதுகாப்பு என்றுதான் யாரும் நினைப்போம். டென்மார்க் தேசிய அருங்காட்சியகத்தைச் சேர்ந்த இவோன் ஷஷோவா இந்த நினைப்பைச் சோதித்துப் பார்த்தார். பிவிசிப் பொருள்களை வெவ்வேறு விதமாக மூடி வைத்து, சூடேற்றி, செயற்கையாக வயதாக்கி, மென்மையாக்கி எவ்வளவு போகிறது என்று அளந்தார். அவர் ஆராய்ந்தவற்றில் அமெரிக்க விண்வெளி உடைகளின் பிவிசிக் குழாய்களும் உண்டு. நிலாவுக்குப் போன காலத்து உடுப்புகளின் குழாய்களும் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் ஹோகனைப் போலவே பிசுபிசுத்து, பழுப்பேறிக்கொண்டிருந்தன. ராக்கெட் ஏறினாலும் இடியாப்பம் இடியாப்பம்தான்.

அவர் கண்டது இது. பாலித்தீன், மென்மையாக்கியை உறிஞ்சிக்கொள்கிறது. பஜ்ஜியை நியூஸ் பேப்பரில் வைத்தால் பேப்பர் எண்ணெயைக் குடிப்பது போல. குடிக்கக் குடிக்க உள்ளிருந்து இன்னும் வந்துகொண்டே இருக்கும். கண்ணாடிப் பாத்திரத்தில் மூடி வைத்தால் அப்படி நடப்பதில்லை. கண்ணாடி எதையும் உறிஞ்சாது. ஆவியான கொஞ்சம் மென்மையாக்கி பாத்திரத்துக் காற்றை நிறைத்ததும், வெளியேறுவதும் திரும்புவதும் சமமாகி, இழப்பு அநேகமாக நின்றுபோகிறது. மென்மையாக்கி உள்ளே இருக்கும்வரை பிவிசி சிதைவதும் மெதுவாகிறது என்பது அவருடைய இன்னொரு முடிவு. நாட்டு வைத்தியக் குறிப்பு மாதிரி இருக்கிறது: ஊறுகாய்க்கும் பயில்வானுக்கும் கண்ணாடி ஜாடியே உத்தமம்.

துடைக்கலாமா என்றால், துடைக்கலாம். வெதுவெதுப்பான தண்ணீர், இரண்டு சொட்டு சோப்பு, மெல்லிய துணி. பிசுக்கு போய்விடும். ஆனால் ஊற்றை இறைத்த மாதிரிதான் அது. மேற்பரப்பு காலியானதும் உள்ளே இருப்பது அதை நிரப்ப வரும். வாரா வாரம் துடைக்கிறவன் பொம்மையைச் சுத்தம் செய்யவில்லை, காயவைக்கிறான். ஸ்பிரிட், அசிடோன் பக்கமே போகக்கூடாது. பெயின்டோடு சேர்ந்து முகமும் போய்விடும். அக்கா மகன் துடைத்த பிறகு கொஞ்சம் டால்கம் பவுடர் தொட்டு வைக்கிறான். நம் வீட்டில் குழந்தையைக் குளிப்பாட்டிய பிறகு செய்கிற அதே கைப்பழக்கம்.

கை கழுவச் சொன்னானே, அது பொம்மையைத் தொட்ட பிறகும் பொருந்தும். தாலேட்டுகள் உடலின் ஹார்மோன்களோடு குறுக்கிடக்கூடும் என்ற கவலையால், குழந்தைகள் சாமான்களில் அவற்றை ஐரோப்பிய ஒன்றியம் 1999-லிருந்து கட்டுப்படுத்தி, 2005-ல் நிரந்தரமாக்கியது. அமெரிக்கா 2008-ல் 0.1 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று சட்டம் போட்டது. 1985-ல் அப்படி எதுவும் கிடையாது. பழைய பயில்வானை அலமாரியில் பார்க்கலாம், கைக்குழந்தையின் வாயில் வைக்கக்கூடாது.

வியர்வைக்கு அடுத்த நோய் மஞ்சள். பிவிசியின் எடையில் பாதிக்கு மேல், சுமார் 57 சதவீதம், குளோரின். வெப்பமும் புற ஊதாக் கதிரும் பட்டால் சங்கிலியிலிருந்து ஒரு குளோரினும் ஒரு ஹைட்ரஜனும் கைகோத்துக்கொண்டு ஹைட்ரஜன் குளோரைடாக வெளியேறும். அவை இருந்த இடத்தில் கார்பன்களுக்கு நடுவே ஓர் இரட்டைப் பிணைப்பு மிஞ்சும். அதற்குப் பக்கத்து இடம் இப்போது பலவீனம், அங்கிருந்தும் போகும். ஜிப் திறப்பது போல வரிசையாக நடக்கும். வெளியேறிய அமில வாயு அங்கேயே தங்கினால் வேலையை இன்னும் துரிதப்படுத்தும். இப்படி ஏழெட்டு இரட்டைப் பிணைப்புகள் ஒன்றுவிட்டு ஒன்றாக வரிசை கட்டியதும் அவை நீல ஒளியை விழுங்க ஆரம்பிக்கின்றன. மிச்ச ஒளி நம் கண்ணுக்கு மஞ்சள். வரிசை நீண்டால் ஆரஞ்சு, பிறகு பழுப்பு. கேரட்டின் நிறத்துக்குக் காரணமான பீட்டா கரோட்டினில் இதே மாதிரி 11 இரட்டைப் பிணைப்புகள் உண்டு. பயில்வான் மெல்ல மெல்லக் கேரட் ஆகிக்கொண்டிருக்கிறான்.

கெட்டி பிளாஸ்டிக்கில் வேறு வழியாக மஞ்சள் வரும். ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக்கில் பியூட்டடையீன் என்ற ரப்பர் பகுதி உண்டு. புற ஊதாக் கதிரும் ஆக்சிஜனும் சேர்ந்து முதலில் கடிப்பது அதைத்தான். 2008 வாக்கில் பழைய கம்ப்யூட்டர் பிரியர்கள் ஹைட்ரஜன் பெராக்சைடைத் தடவி வெயிலில் வைத்து இந்த மஞ்சளை வெளுக்கும் முறையைப் பிரபலமாக்கினார்கள். பொம்மைக்காரர்களும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. பெராக்சைடு நிறத்தை அழிக்கிறது, சிதைந்த சங்கிலியைத் தைத்துக் கொடுப்பதில்லை. சில மாதங்களிலோ வருடங்களிலோ மஞ்சள் திரும்புவதாக அதைச் செய்தவர்களே புலம்புகிறார்கள். நரைக்கு டை அடிப்பது போன்ற சமாசாரம்.

டை என்றதும் அலமாரியின் இரண்டாவது தட்டில் இருந்த ஒருவன் ஞாபகம் வருகிறது. முன்னால் பார்த்தால் குறையில்லாத ஆள். திருப்பினால் முதுகில் மங்கலான எழுத்துகள், எல்லாம் இடவலம் மாறியவை. செல்போன் கேமராவில் புரட்டிப் பார்த்தோம். ஏதோ கார் விளம்பரத்தின் துண்டு. யாரோ ஒரு பையனின் அம்மா நியூஸ் பேப்பரில் சுற்றி எடுத்து வைத்திருக்கிறாள். அச்சு மையிலுள்ள சாயம் மென்மையாக்கியில் கரைந்து, தோலுக்குள் ஊறிவிட்டது. மேலே ஒட்டியிருந்தால் துடைக்கலாம். உள்ளே இறங்கியதை எப்படித் துடைப்பது? இதற்குப் பொம்மைக்காரர்களிடம் ஒரு விசித்திர வைத்தியம் உண்டு: முகப்பருவுக்குப் போடும் பென்சாயில் பெராக்சைடு களிம்பு. தடவி வெளிச்சத்தில் வைத்தால் அது உள்ளே இறங்கிச் சாயத்தை ஆக்சிஜனேற்றம் செய்து நிறமிழக்க வைக்கும். கொஞ்சம் தவறினால் பயில்வானின் இயற்கை நிறமும் அந்த இடத்தில் வெளுத்து, தேமல் மாதிரி நிற்கும். அக்கா மகன் தொடவில்லை. "இருந்துட்டுப் போகட்டும் மாமா, அதுவும் அவன் ஹிஸ்டரிதானே" என்றான். அவன் சொன்னதிலேயே எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

இரண்டு பொம்மைகள் பல வருடம் கட்டிப்பிடித்துக் கிடந்தால் ஒருவன் ஜட்டியின் சிவப்பு இன்னொருவன் தொடையில் ஏறுவதும் இதனால்தான். பார்பி பொம்மைகளில் காதுத் தோட்டின் செம்பு இப்படித்தான் வினைலுக்குள் பச்சையாக இறங்குகிறது. 'பச்சைக் காது' என்றே அதற்குப் பெயர்.

மூக்கு நுனி ஏன் முதலில் போகிறது? இது வேதியியல் இல்லை, எளிய இயற்பியல். ஒரே விசை, சின்னப் பரப்பில் பட்டால் அழுத்தம் கூடும். பெட்டிக்குள் குலுங்கும் பொம்மையில் எதிராளியைத் தொடுவது மூக்கு, முஷ்டி, கால் கட்டைவிரல், முழங்கை. பெயின்ட் அங்கெல்லாம் தேயும். இன்னொன்று, மெத்தென்ற உடம்பு அமுங்கும்போது அதன் மேலிருக்கும் பெயின்ட் படலம் அதே அளவு அமுங்காது. நுண்ணிய விரிசல் விழும். அனுபவப்பட்டவர்கள் விற்பனைக்குப் போட்ட படத்தைப் பார்த்தே, மூக்கு தேயாமல் முதுகு மட்டும் தேய்ந்திருந்தால் சந்தேகப்படுவார்கள். மூக்குக்கு யாரோ புது பெயின்ட் வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

போலிகளைப் பிடிக்கவும் பள்ளிக்கூட அறிவியலே போதும். பொம்மையோடு வந்த பெல்ட் மாதிரிச் சின்னச் சாமான்களை சிலிகோன் அச்செடுத்து ரெசினில் வார்த்து விற்பவர்கள் உண்டு. வார்த்த பொருள் இறுகும்போது சற்றே சுருங்கும். அசலிலிருந்து அச்செடுத்த நகல் அசலைவிடச் சின்னதாகத்தான் இருக்க முடியும். எட்டு அங்குலத்தில் ஒரு சதவீதம் சுருங்கினாலே 2 மில்லிமீட்டர். பதினொன்றாம் வகுப்பில் வெறுத்த வெர்னியர் அளவுகோலை, இன்று ஆசையோடு சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பொம்மைச் சந்தைகளில் சுற்றுகிறார்கள்.

ஹாஸ்ப்ரோ ஆட்களுக்கு வேறு கவலை. ஸ்பிரிங். திருகிய நிலையிலேயே பல வருடம் வைத்தால் ஸ்பிரிங் சோர்ந்துவிடும் என்பார்கள். எஃகுக்கு அவ்வளவு சுலபமாகச் சோர்வு வராது. அதைத் தாங்கிப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக்தான் இடைவிடாத சுமையில் மெல்ல மெல்ல உருமாறும். புத்தகம் ஏற்றிய பிளாஸ்டிக் ஷெல்ஃப் நடுவில் தொய்கிற மாதிரி. ஈரப்பதமுள்ள ஊரானால் எஃகு துருப்பிடிக்கும், அது தனி.

விலையைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விலை அழகுக்கு இல்லை. 1993-ல் வந்த ஹாஸ்ப்ரோ கமாலாவைப் பாருங்கள். கமாலா என்ற வேடத்தில் ஆடியவர் மிசிசிப்பிக்காரரான ஜேம்ஸ் ஹாரிஸ். உடம்பில் நட்சத்திரமும் பிறையும் வரைந்துகொண்டு வருவார். கடைக்கு வந்த பொம்மையின் வயிற்றில் நட்சத்திரம் இருந்தது. அதற்கு முன் பிறை வரைந்து செய்த மாதிரிகள் மிகச் சில வெளியே வந்துவிட்டன. ஒரு தூரிகை வீச்சு பெயின்ட்தான் வித்தியாசம். நட்சத்திர வயிற்றுக்காரன் சாதாரண சேகரிப்பாளன் கைக்கு எட்டுவான். பிறை வயிற்றுக்காரன் எட்டவே மாட்டான். அட்டை பிரிக்காத பொம்மைகளை அக்ரிலிக் பெட்டியில் அடைத்து நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போட்டுத் தரும் நிறுவனங்கள்கூட இருக்கின்றன. மொத்துவதற்காகச் செய்த பொம்மை, யாரும் தொடாமல் விட்டால்தான் முதல் வகுப்பில் தேறுகிறது. அபத்தம்தான். ஆனால் நம் வீடுகளில் கல்யாணத்துக்கு வந்த வெள்ளிக் கிண்ணம் பிரிக்காமல் பீரோவில் இருப்பதை நினைத்தால் சிரிக்கத் தோன்றவில்லை.

வெப்பம் பற்றி ஒரு கணக்கோடு முடிக்கலாம். பத்து டிகிரி கூடினால் வேதிவினை ஏறக்குறைய இரட்டிப்பு வேகத்தில் நடக்கும் என்பது வேதியியலில் ஒரு தோராய விதி. அக்கா வீட்டு பேஸ்மென்ட் 18 டிகிரி என்று வையுங்கள். சென்னையில் மே மாதத்துப் பரண் 38 டிகிரியைச் சுலபமாகத் தொடும். இருபது டிகிரி வித்தியாசம், அதாவது நாலு மடங்கு வேகம். அங்கே நாற்பது வருடத்தில் வருகிற வயது இங்கே பத்து வருடத்தில் வந்துவிடும். புற ஊதாக் கதிரையும் ஈரத்தையும் நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பெட்டி இருக்கும். துபாயிலிருந்து சித்தப்பா வாங்கி வந்த பொம்மையோ, பிள்ளை சின்ன வயதில் கட்டிக்கொண்டு தூங்கிய வினைல் வாத்தோ, ஏதோ ஒன்று. அது பாலித்தீன் பையில் கட்டியிருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே இறக்கி, பையைப் பிரித்து வெளியே எடுத்துவிடுங்கள். கண்ணாடி ஜாடி இருந்தால் அதில் வையுங்கள், இல்லாவிட்டால் வெயில் படாத கண்ணாடி அலமாரி போதும். நியூஸ் பேப்பரில் சுற்றாதீர்கள். எடுத்து வைத்ததும் மறக்காமல் கை கழுவுங்கள்.